அப்பாவை உட்கார வைத்தோம்

பிரியமுள்ள சாமுவேலுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்தேன், மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன், சனி ஞாயிறு இரண்டு நாளும் அதைத் தொடவில்லை. கோபமாக இருக்கும்போது பேனா எடுத்தால் எழுத்து கோணிப்போகும். மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், பெற்ற மகனுக்குக் கோணல் எழுத்தில் எழுதலாமா? இன்று திங்கட்கிழமை. கோபம் ஆறிவிட்டது. உன் அப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். அவர் எழுந்திருப்பதற்குள் இது முடியாது என்று தெரியும், இருந்தாலும் தொடங்குகிறேன்.

கோயம்புத்தூரில் உனக்குப் பெரிய வீடு கிடைத்திருப்பது சந்தோஷம். கிழக்கே பார்த்த அறையை அப்பாவுக்கென்று ஒதுக்கி, மின்சார விசிறி மாட்டி, சாய்வு நாற்காலி போட்டு, கைக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீர்க் கூஜா வைக்க ஒரு மேஜையும் செய்யச் சொல்லியிருக்கிறாய். "அப்பா இனிமேல் ஒரு எட்டுகூட எடுத்து வைக்க வேண்டாம் அம்மா, எல்லாம் அவர் இருக்கிற இடத்துக்கே வரும்" என்று எழுதியிருக்கிறாய். உன் மனசு எனக்குத் தெரியும். பெற்றவர்களை இப்படித் தாங்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை எத்தனை வீட்டில் இருக்கிறான்? ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருக்கிறாய்: "எப்படியும் என்னை அவருக்கு அடையாளம் தெரியப்போவதில்லை. சௌகரியமாகவாவது இருந்துவிட்டுப் போகட்டும்." அந்த வரிதான் என்னை இரண்டு நாள் பேனா எடுக்க விடவில்லை.

நாங்கள் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டித் தேட வேண்டாம். ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் மீதிக் கடிதம். அதில் உன்னிடம் இத்தனை நாள் சொல்லாத ஒரு குற்றமும் இருக்கிறது. குற்றம் என்னுடையது. கொஞ்சம் உன்னுடையதும்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்ததை நான் மறக்கவில்லை. கையில் பையோடு வாசற்படியில் நின்றாய். அப்பா உன்னை நிமிர்ந்து பார்த்து, "யாரு தம்பி, உள்ள வாங்க. எந்தூரு?" என்றார். "நாந்தாம்ப்பா, சாமுவேலு" என்று நீ சொன்னதற்கு, "அப்படியா, ரொம்ப சந்தோசம், உக்காருங்க" என்று விருந்தாளியிடம் சொல்வதுபோலச் சொல்லி நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார். மறுநாள் ஆராதனை முடிந்ததும் மில்லில் வேலை இருக்கிறது என்று மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். கிறிஸ்துமஸ் அன்று எந்த மில்லில் வேலை? பஸ்ஸில் ஏறும்போது நீ தோளில் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தேன். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே இரண்டு பேரும் அழுதிருப்போம், பஸ்காரன் ஹாரன் அடித்திருப்பான்.

உன் அப்பா எப்படி இருந்தவர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சர்க்காரில் அம்மை குத்துகிற உத்தியோகம். தோளில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஈரத்துணியில் சுற்றிய அம்மைப்பால் குழாய்கள், ஊசி, ஒரு குடை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விடியலில் கிளம்பினால் வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, அந்தப் பக்கம் சேத்தூர், தளவாய்புரம் என்று ஒவ்வொரு திசைக்கும் நடைதான். அவர் வருவது தெரிந்தால் தாய்மார் பிள்ளைகளை நெல்லுக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். எந்த வீட்டில் எந்தக் குதிர், எந்தப் பிள்ளைக்குப் போன தடவை காய்ச்சல் என்று விட்டுவிட்டு வந்தார், யார் வயிற்றில் அப்போது பிள்ளை இருந்தது, அத்தனையும் தலையில் இருக்கும். குத்துகிற இடத்தில் ரெஜிஸ்டரைப் பிரிக்க மாட்டார். பேர் எழுதுகிறவரைக் கண்டால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று வீட்டுக்கு வந்து சாயங்காலம் உட்கார்ந்து, ஊர், தெரு, தகப்பன் பேர், பிள்ளை பேர், வயசு எல்லாம் ஞாபகத்திலிருந்தே எழுதுவார். ஒரு பேர் தப்பாது. "ஊர்க் கர்ணம் மறந்தாலும் அம்மை குத்துறவரு மறக்க மாட்டாரு" என்று ஜனங்கள் கேலியாகச் சொல்வதுண்டு. அது ஆண்டவர் அவர் தலைக்குக் கொடுத்த வரம் என்று நினைத்தோம். காலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றியது? நடை என்பது சம்பளத்துக்காகப் படுகிற பாடு, அதிலிருந்து அவரை என்றைக்கு விடுவிப்போம் என்றுதான் நீயும் நானும் காத்திருந்தோம்.

அவர் ஓய்வு பெற்றதும் ராஜபாளையத்தில் உன் வீட்டுக்கு வந்தோம். உனக்கு அப்போதுதான் மில்லில் சூப்பர்வைசராக வேலை உயர்ந்திருந்தது. வந்த மறுநாளே மதுரையிலிருந்து சாய்வு நாற்காலி வந்து இறங்கியது. அவர் அதில் ஒரு நாள் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு தளவாய்புரம் பக்கம் போய்விட்டு, பத்து மணிக்குத் தலையெல்லாம் வேர்வையாக, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். தினமும் இதுதான். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்களே. பக்கத்து வீட்டு ராஜு அம்மாள் ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், உன் அப்பாவைத் தன் அப்பாவை அழைப்பதுபோல நாயனா என்றுதான் சொல்லுவார். "ஏன் டீச்சரம்மா, நாயனா இந்த வேகாத வெயில்ல நடந்து போறாரே, மகன் மில்லுல இம்புட்டுப் பெரிய வேலையில இருந்து என்ன, ஒரு வண்டி வச்சு அனுப்பக் கூடாதா?" அவர் அன்பாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நீயும் அதையே சொன்னாய்: "அப்பா, நீங்க ரோட்டுல நடந்து போறதை மானேஜர் பாத்துட்டு என்கிட்டயே கேக்காரு. எனக்கு என்ன மரியாதை?" அவர் ரசத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டு, "சரிப்பா, இனி விடிய முன்னாலயே போயிட்டு வந்துருதேன்" என்றார்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். அதற்கடுத்த நாள் அவருடைய தோல் செருப்பை எடுத்து என் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். செருப்பு இல்லாவிட்டால் இரண்டு நாள் தேடுவார், அப்புறம் விட்டுவிடுவார், ஊர் வாயும் அடங்கும், மனுஷனும் கொஞ்சம் உட்காருவார் என்று கணக்குப் போட்டேன். காலையில் அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார். "எங்கிட்டுட்டி வச்சேன் செருப்பை?" என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "என்னைக் கேட்டா? நீங்கதான் ஆராதனைக்குப் போன எடத்துல கோயில் வாசல்ல விட்டுட்டு மறந்து வந்திருப்பீக" என்றேன். "நானா? நானா மறந்தேன்?" என்றார். மகனே, அறுபது வயசை நெருங்கிய அந்த மனுஷனிடம் அவர் வாழ்நாளில் முதல் முதலாக "நீங்கள் மறந்துவிட்டீர்கள்" என்று சொன்னவள் நான்தான். அதுவும் பொய். கோயில் வாசலுக்குப் போய்ப் பார்த்தார், தளவாய்புரத்தில் போய் உட்கார்ந்த வீட்டுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார், நாலாம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டு, "ஆமா, வயசாயிட்டுல்லா" என்று சொல்லிக்கொண்டு அந்தச் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நீ வீட்டுக்குள் போட்டு நடக்க ஒரு மெத்துச் செருப்பு வாங்கி வந்தாய். நாமிருவரும் அவருக்குப் பெரிய மரியாதை செய்துவிட்டதாக நினைத்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருக்க மாட்டாய். முதல் வருஷம் கிழமை தவறியது. அதற்கப்புறம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்க ஆரம்பித்தார், கை கழுவின ஈரம் காய்வதற்குள் கேட்பார். காலராவில் போன அவர் தம்பி ஞானமுத்துவின் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டார். ஒரு நாள் குடும்ப ஜெபத்தில், சிறு பிள்ளைகளும் தூக்கத்தில் சொல்லுகிற கர்த்தருடைய ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் எடுத்துக்கொடுத்தேன். அன்று அவர் கண்ணில் இருந்த பயத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இருந்து தின்றால் குன்றும் கரையும் என்று சொத்துக்குச் சொல்லுவார்கள். தலைக்குள் சேர்த்து வைத்ததும் அப்படித்தான் கரையும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வயசு, வயசு என்று நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அவர் வயசுக்காரர்கள் கூமாப்பட்டியில் தென்னை மரம் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

யுத்த காலத்தில் உன்னைக் கோயம்புத்தூருக்கு மாற்றினார்கள். அங்கே வீடு கிடைக்கவில்லை என்று நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் பழைய வீட்டுக்கே திரும்பினோம். வந்த சில வாரத்தில் வத்திராயிருப்பிலிருந்து உன் அத்தைக்கு விஷக்காய்ச்சல் என்று ஆள் வந்தது. அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது, கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்போதெல்லாம் பெட்ரோல் ஏது? பின்னால் அடுப்பு வைத்த கரி பஸ்தான். கிருஷ்ணன்கோவில் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இருமி இருமி நின்றுவிட்டது. "செத்த நேரம் பொறுங்க" என்று கண்டக்டர் சொன்ன அந்தச் செத்த நேரம் ஒரு மணியாயிற்று. நான் தலையில் கை வைத்து ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா மெத்துச் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "வா, நாலு மைல்தான், நடந்துருவோம்" என்றார். எத்தனை மைல் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுகூட அப்போது எனக்கு யோசனை ஓடவில்லை. எங்கேயாவது விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் பின்னாலேயே ஓடினேன்.

முதல் மைல் ஒன்றும் பேசவில்லை. மூச்சு வாங்கியது, இரண்டு தடவை நின்றார். இரண்டாவது மைலில் ஒரு புளியமரத்தைப் பார்த்ததும் கையை நீட்டினார். "இதுக்கு வடக்க மூணாவது வீடு. ரெட்டைப் பிள்ளைக. அந்தப் பொம்பளை ஒண்ணை ஒளிச்சு வச்சுக்கிட்டு, குத்துன பிள்ளையவே துணியை மாத்திப் போட்டு ரெண்டாந்தரம் கொண்டாந்தா. நான் விட்ருவனா? கையைத் தூக்கிப் பாத்துட்டு, இது ஆறுமுகம், சண்முகம் எங்கம்மான்னு கேட்டேன்." சொல்லிவிட்டுத் தானாகச் சிரித்தார். அதற்கப்புறம் நிறுத்தவில்லை. இந்தக் கிணற்று மேட்டில் தண்ணீர் குடித்தது, அந்தத் தோப்புக்காரர் மாம்பழம் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கொடுக்காமல் அனுப்பியது என்று வரிசையாக வந்தது. வயலில் மண்வெட்டி வைத்துக்கொண்டிருந்த ஒரு ஆள் எங்களைப் பார்த்து வரப்பேறி ஓடிவந்து, "அம்மை குத்துற ஐயாதானே? அடையாளம் தெரியுதா?" என்று கேட்டான். அப்பா அவன் முகத்தைப் பார்த்தார், தெரியவில்லை. "எந்த வீடுப்பா?" என்றார். அவன் கையை நீட்டித் திசை காட்டியதும், "ஆறுமுகமா சண்முகமா?" என்றார். அவன் சண்முகம். நான் ரோட்டில் நின்று அழுதேன். சண்முகம் தன் தலைத்துண்டை எடுத்து நீட்டினான், அதில் சேறு.

உன் அத்தை வீட்டில் அன்று சாயங்காலம், "காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?" என்று தங்கையிடம் கேட்டார். ஐந்து நாள் என்றாள். மறுபடி அவர் அதைக் கேட்கவே இல்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. நாலு வருஷமாக ஒன்றைப் பத்துத் தடவை கேட்ட மனுஷன்!

ஊர் திரும்பியதும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். செருப்பு அப்பளம்போலக் காய்ந்து விறைத்திருந்தது. இரண்டு நாள் விளக்கெண்ணெய் தடவி ஊறவைத்து, மூன்றாம் நாள் காலையில் அவர் முன்னால் வைத்தேன். கால் தானாக உள்ளே போயிற்று. "எங்க கெடந்துச்சு இம்புட்டு நாளா?" என்றார். அப்போது பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "நான்தான் ஒளிச்சு வச்சேன். நீங்க மறக்கலை. மறந்துட்டீகன்னு நான் பொய் சொன்னேன்" என்றேன். அடிப்பார், திட்டுவார், குறைந்தபட்சம் ஏன் என்று கேட்பார் என்று நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "அப்போ நான் மறக்கலை?" என்றார். "இல்லை" என்றேன். "மறக்கலை" என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். கடன் தீர்ந்தவன் முகம்கூட அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. "சரி, வா, வெயில் ஏறுமுன்ன போயிட்டு வந்துருவோம்" என்றார். அவ்வளவுதான். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவும் இல்லை. அடுத்த நாள் அந்தப் பேச்சே அவருக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் நடக்கிறோம். விடிந்ததும் கிளம்பி, தேரோடும் வீதி வழியாகப் பெரியகுளத்துக் கரையேறி, கடைசி மடை வரை போய்த் திரும்புவோம். ஆரம்பத்தில் பாதிக் கரையில் திரும்பினோம். இப்போது அவருக்குப் பின்னால் நான்தான் மூச்சு வாங்குகிறேன். வைத்தியம் பலித்துவிட்டது, பழைய அப்பா திரும்பிவிட்டார் என்று நீ நினைத்துவிடக் கூடாது, அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். போனது போனதுதான், எல்லாம் திரும்பவில்லை. முகங்கள் திரும்பவில்லை. கிழமை பாதி நாள் சரியாக வரும், பாதி நாள் வராது. ஆனால் ஜெபம் முழுசாகச் சொல்லுகிறார். சாப்பிட்டதைச் சாப்பிட்டோம் என்று தெரிகிறது. எல்லாவற்றையும்விட, அந்தப் பயம் கண்ணை விட்டுப் போய்விட்டது. போன ஐப்பசியில் அடைமழை பிடித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் வாசல் தாண்ட முடியவில்லை. கடைசி நாட்களில் மறுபடி, "சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பித்தார். மழை விட்டதும் சேற்றோடு சேறாக இழுத்துக்கொண்டு போனேன். ஒரு வாரத்தில் அந்தக் கேள்வி நின்றது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஆஸ்பத்திரி டாக்டரிடமும் கேட்டேன். அவர் அவசரமாகப் பேசாத மனுஷர். "இதுக்கு மருந்து எங்ககிட்ட இல்லை டீச்சரம்மா, இதுதான் காரணம்னு சத்தியம் பண்ணவும் மாட்டேன். ஆனா மூளைக்கும் ரத்தம்தான் சாப்பாடு. கால் நடந்தா நெஞ்சு வேலை செய்யும், நெஞ்சு வேலை செஞ்சா ரத்தம் மேலயும் ஏறும். நடக்கிறதை நிப்பாட்டிராதீங்க" என்றார். நான் பதிலுக்கு நம் தெருக்கோடி சலவைக்காரரைச் சொன்னேன். வாழ்நாள் எல்லாம் மூட்டை சுமந்து நடந்தவர், அவருக்கும்தான் கடைசியில் பெண்டாட்டி பேர் தெரியாமல் போயிற்று. டாக்டர் அதற்கு, "ஆமா, அப்படியும் வரும். குடை பிடிச்சாலும் சில மழையில நனையத்தான் செய்வோம். அதுக்காகக் குடையைத் தூக்கிப் போடுவீகளா?" என்றார். எனக்கு அந்தப் பதில் போதும்.

என் சங்கதியும் ஒன்று உண்டு, நீ சிரித்தாலும் பரவாயில்லை. ராஜபாளையத்தில் நீ சமையலுக்கு ஆள், தண்ணீருக்கு ஆள் என்று வைத்து என்னையும்தான் உட்கார வைத்தாய். அந்த வருஷங்களில் எனக்கும் பேர்கள் தொண்டையில் வந்து நிற்க ஆரம்பித்தன. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டுச் சமையல்காரி மேல் பழியைப் போட்டேன், பாவம். இப்போது தண்ணீர் நானே இறைக்கிறேன், மாவு நானே ஆட்டுகிறேன், தினமும் நடக்கிறேன். நான் படிப்பித்த வகுப்புகளில் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை யார் யார் உட்கார்ந்தார்கள் என்று கேள், சொல்லுகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், கிறிஸ்தவச்சி நான் அதைச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் எங்களுக்குக் கண் முழுசும் கெடுவதற்கு முன்னால் அந்தக் கரி பஸ் கெட்டுப்போனதே, அதற்கு ஆண்டவருக்குத் தோத்திரம்.

உனக்கு முப்பத்தாறு வயசாகிறது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கோட்டுப் பித்தானுக்கு நடுவே வயிறு எட்டிப் பார்த்தது. வீட்டிலிருந்து மில்லுக்கு வண்டி, மில்லில் நாற்காலி, நாற்காலியிலிருந்து வீட்டுக்கு வண்டி. போன இரண்டு கடிதத்தில் நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை, கேட்டால் "மறந்துவிட்டேன் அம்மா, வேலை" என்கிறாய். வேலை செய்த மனுஷன் மறக்கவில்லை மகனே, வேலையை நிறுத்திய பிறகுதான் மறந்தார். முப்பத்தாறில் நடந்தால் அறுபதில் தெரியும். அறுபதில் நடக்கத் தொடங்கினால், உன் அப்பாபோல, கையில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்கு விளங்கும். மில்லுக்கு நடந்து போ. மானேஜர் பார்த்தால் பார்க்கட்டும்.

இனி, அடையாளம் தெரியவில்லை என்று நீ எழுதின வரிக்குப் பதில் சொல்லுகிறேன். போன செவ்வாய்க்கிழமை கரையில் நடந்துகொண்டிருந்தோம். சில காலைகளில் அவருக்கு நான்கூட யாரென்று பிடிபடாது. கூட நடக்கிற யாரோ ஒரு அம்மாள் என்று மரியாதையாகப் பேசுவார். முதலில் எனக்கு அது நெஞ்சை அறுத்தது, இப்போது பழகிவிட்டது. அன்றும் அப்படித்தான். "உங்களுக்குப் பிள்ளைங்க உண்டுமா?" என்று கேட்டார். "ஒரு மகன் இருக்கான்" என்றேன்.

"எனக்கும் ஒருத்தன் இருக்கான். சாமுவேலு" என்றார். நடந்துகொண்டே தொடர்ந்தார்: "மூணு வயசு அப்போ. கூமாப்பட்டியில ஒரு பிள்ளையக்கூட வெளிய விடலை. அம்மன் கோவிச்சுக்கும்னு கதவைச் சாத்திட்டாவ. மறுநாள் நான் என் பிள்ளையத் தோள்ல வச்சுத் தூக்கிட்டுப் போனேன். அவனுக்கு ஏற்கெனவே ஒரு கையில குத்தியாச்சு. இருந்தாலும் ஊர் நடுவுல கல்லுல உக்கார வச்சு, எல்லாரும் பாக்க மத்தக் கையில குத்துனேன். அவன் அம்மாகிட்ட முதக் குத்துப் பிடிக்கலைன்னு சொல்லிட்டேன், நெசத்தைச் சொன்னா விடுவாளா? பிள்ளை அழலை. அவன் என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தான், எனக்கு வலிக்குதோன்னு பாத்த மாதிரி. அதுக்குப் பொறவுதான் ஒருத்தி கதவைத் தெறந்தா. அப்படியே ஒருத்தி பின்னால ஒருத்தியா வந்தாவ. அந்த வருசம் பக்கத்து ஊர்ல எல்லாம் அம்மை வெளையாடுச்சு, கூமாப்பட்டியில ஒரு பிள்ளை சாகலை. எல்லாம் அவனாலதான். திரும்பி வாரப்போ தோள்லயே தூங்கிட்டான். வத்திராயிருப்பு வரைக்கும் நான் அவனைக் கீழ இறக்கவே இல்லை."

இத்தனை வருஷமாக எனக்கும் தெரியாத கதை இது. "இப்ப எங்க அவன்?" என்று கேட்டேன். "மில்லுல பெரிய வேலை. அவனுக்குச் சோலி நெறைய, வர முடியலை" என்றார். அப்புறம், "நல்ல பிள்ளை. உங்க மகனும் அப்படித்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவருக்கு உன்னைத் தெரியும் சாமுவேல். கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறவர்தான் யாரென்று தெரியவில்லை. லீவு எடுத்துக்கொண்டு பத்து நாள் வா. வந்ததும் என்னைத் தெரியுதா என்று கேட்காதே, பேரையும் சொல்லாதே. காலையில் அவர் செருப்புப் போடும்போது நீயும் போட்டுக்கொள். அவருக்கு இடது பக்கமாக நட, வலது காது மந்தம். யாரோ ஒரு தம்பி கூட வருகிறார் என்று நினைத்துக்கொள்வார். இரண்டாவது மடை வரை பேசமாட்டார், பொறுத்துக்கொள். அதற்குப் பிறகு தன் மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே நட.

உன் அம்மா